சாஞ்சுக்கிட்டே இருந்த மாமனாரு

"எவளோ படத்தைத் தொட்டிருக்கா!"

விடிஞ்சதும் இருளாயி வாயில இருந்து வர்ற முத வார்த்தை இதுதான். மத்த பொம்பளைக எந்திரிக்கும்போது முருகான்னுவாளுக, இல்ல இடுப்பைப் பிடிச்சுக்கிட்டு ஸ்ஸுன்னுவாளுக. இருளாயி கண்ணு நேரா நடுவீட்டுச் சுவத்துக்குத்தான் போகும். அங்க அவ மாமனாரு படம் தொங்குது. முந்தின நாள் விளக்கு வைக்கும்போது நூல் பிடிச்ச மாதிரி நேரா நிறுத்தியிருப்பா. காலையில பாத்தா வலது பக்கமாச் சாஞ்சு கெடக்கும், பஸ்ஸுல ஜன்னலோரம் தூங்கி விழுற ஆளு மாதிரி.

"சௌம்யா! நீ தொட்டியா?"

"இல்லத்தை." மருமக அடுப்படியில இருந்து தலையைக்கூடத் தூக்க மாட்டா.

"ஒட்டடை அடிச்சியா?"

"காலங்காத்தால நான் எதுக்கு அத்தை ஒட்டடை அடிக்கப் போறேன்?"

"அதான் நானும் கேக்குறேன். எதுக்கு அடிச்ச?"

சௌம்யா செண்பகனூர்ல ரோட்டோரம் டீக்கடை வச்சிருந்த வீட்டுப் பொண்ணு. கல்யாணமாகி வந்த புதுசுல இதுக்கெல்லாம் அழுதா. அப்புறம் பல்லு விளக்குற மாதிரி இதுவும் ஒரு காலைச் சோலின்னு விட்டுட்டா. அவ தொடலன்னா மகன் சுப்புராஜு தொட்டிருக்கணும். சுப்புராஜு இல்லன்னா பூனை. பூனையும் இல்லன்னு ஆயிருச்சுன்னா, இருளாயி விரல் போய் நிக்குற இடம் ஒண்ணுதான். பக்கத்து வீட்டு முருகேஸ்வரி.

"பூட்டின வீட்டுக்குள்ள அந்தம்மா எப்படிம்மா வரும்?"ன்னு சுப்புராஜு ஒரு நாள் கேட்டான்.

"ஏலே, வர வேணாம்லே. அந்தப் பக்கம் இருந்து சுவத்துல ஒரு குத்து விட்டாப் போதும். படம் தானா ஆடும்."

அந்தச் சுவரு ரெண்டு வீட்டுக்கும் பொது. ரெண்டு வீடும் தோளோட தோள் சாச்சு உக்காந்த மாதிரி ஒரே மண்சுவத்துல ஒட்டிக்கிட்டு நிக்குதுக. இந்தப் பக்கம் இருளாயி தும்மினா, அந்தப் பக்கம் முருகேஸ்வரி நூறுன்னு சொல்லலாம். சொல்ல மாட்டா. பேச்சு நின்னு வருசக்கணக்கா ஆச்சு.

கொடைக்கானல்ல இருந்து மேக்க போற மினி பஸ்ஸு கடைசியா வந்து திரும்புற ஊரு கருங்கல்பட்டி. அங்க இருளாயின்னு கேட்டா, "சந்தேகக்காரி வீடா?"ன்னு திருப்பிக் கேட்டுட்டுத்தான் வழி சொல்லுவாங்க. அவ பொறந்தது கீழ அய்யம்பாளையத்துல. வெயிலும் தென்னந்தோப்புமா வளந்தவ. சோலைமுத்துவக் கட்டிக்கிட்டு மலையேறி வந்த முத மாசமே அவளுக்கு ஒரு சந்தேகம் வந்துருச்சு. வீடு முழுக்கப் புகை. ராவும் பகலும் அடுப்பு அணையுறதில்ல. கண்ணு எரிஞ்சு, மூக்கு ஒழுகி, பொண்ணு பாதி ஆயிட்டா. மாமியா வேணும்னே ஈர விறகை வச்சு தன்னை விரட்டப் பாக்குறான்னு நினைச்சு, துணிமூட்டையைக் கட்டிக்கிட்டு பஸ்ஸுக்கு வந்து நின்னுட்டா.

சோலைமுத்து வந்து மேல பாருன்னு சொல்லிக் கூட்டிட்டுப் போயி, கூரை மோட்டுக்குக் கீழ காட்டினாரு. கொத்துக் கொத்தா மலைப்பூண்டு தொங்குது. அந்த மலையில விதைப்பூண்டை அப்படித்தான் காப்பாத்துறது. உத்திரத்துலயும் குறுக்குக் கம்புலயும் கட்டித் தொங்கவிட்டு, கீழ அடுப்புப் புகை ஏற ஏற அது மாசக்கணக்குல கெடாம இருக்கும். "உன்னை விரட்டுறதுக்கு இல்ல தாயி, புழுவை விரட்டுறதுக்கு"ன்னாரு. இருளாயி கொஞ்ச நேரம் மேல பாத்தா. "அப்ப எனக்கு முன்னாடியே சொல்லியிருக்கலாம்ல? ஏன் சொல்லல?"ன்னா.

சும்மா சொல்லக்கூடாது, அந்த குணம்தான் அவளுக்குச் சோறு போட்டுச்சு. புருசன் நெஞ்சுவலியில திடீர்னு போனதுக்கப்புறம், காட்டை அவதான் பாத்தா. வியாபாரி ஒருத்தனும் அவகிட்ட வாலாட்ட முடியல. தராசுத் தட்டுக்கு அடியில குனிஞ்சு பாக்குற பொம்பளைய யாரு ஏமாத்துறது? விதை நல்லதுன்னு சொன்னா உடைச்சுப் பாப்பா. மழை வராதுன்னு சொன்னா குடையை எடுத்துக்குவா. நாலு பேரு சேந்து சிரிச்சா, தன்னைப் பத்தித்தான்னு நினைச்சுக்குவா. பாதி நேரம் அது நெசமாவும் இருக்கும்.

அவ நம்புன ஒரே ஆளு அந்தப் படத்துல இருந்த மாமனாரு.

அவரை அவ உசுரோட பாத்ததில்ல. சோலைமுத்து தவழுற வயசுலேயே அவரு போயிட்டாரு. அதுக்கு முன்னாடி என்னிக்கோ, செண்பகனூர்ல இருந்து ஒரு பாதிரியார் குதிரையில வந்தாராம். கறுப்புத் துணிக்குள்ள தலையை விட்டுக்கிட்டு ரெண்டு வீட்டு ஆம்பளைகளையும் அவங்கவங்க வீட்டு வாசல்ல உக்கார வச்சு ஆளுக்கு ஒரு படம் எடுத்துக் குடுத்தாராம். ஒரு படம் இருளாயி மாமனாரு. இன்னொண்ணு முருகேஸ்வரி புருசன் திருமலைச்சாமியோட தாத்தா. ரெண்டும் ஒரே அளவு. ரெண்டு வீட்டுக்காரங்களும் ஒண்ணாப் போயி ஒரே கடையில சட்டம் போட்டுட்டு வந்திருக்காங்க. ரெண்டு பேருக்கும் தலைப்பா, ரெண்டு பேருக்கும் மீசை. அம்புட்டுத்தான் அந்த வீடுகளோட பழைய காலத்துக்குன்னு கையில இருக்குற சொத்து.

பூண்டுப்புகைக்கும் படத்துக்கும் ஆகாது. கண்ணாடியில கரியும் எண்ணெயுமா ஏறி ஒட்டிக்கும். அதனால ரெண்டு வீட்டுலயும் ஒரு பழக்கம். இருளாயி காடு பள்ளத்துல இருக்கு, அவ பூண்டு முந்தி ஏறும். அப்ப மாமனாரு முருகேஸ்வரி வீட்டுக்கு விருந்தாளியாப் போயிருவாரு. முருகேஸ்வரி காடு மேட்டுல, அது பிந்தித்தான் ஏறும். அப்ப ரெண்டு பேரும் இருளாயி வீட்டுக்கு வந்துருவாங்க. ஒரே பழைய சேலையில ரெண்டையும் சுத்தி மரப்பெட்டி மேல வச்சிருவாங்க. சாமி ஊர்வலம் மாதிரி இது வருசா வருசம் நடந்துச்சு. அப்படியும் அடுப்புப்புகை அன்னாடம் இருக்குறதுதானே, கண்ணாடி கறுக்காம இல்ல. தலைப்பாவும் மீசையும் மட்டும் மங்கலாத் தெரியும்.

பேச்சு நின்னதும் பூண்டுலதான். சோலைமுத்து செத்த மறு வருசம், இறக்கி எண்ணினப்ப, மோட்டுல தொங்கின விதைப்பூண்டுல ஒரு கொத்தைக் காணோம். இருளாயி யோசிச்சுப் பாத்தா. வீட்டுக்குள்ள உரிமையா வந்துபோற வெளியாளு யாரு? முருகேஸ்வரி. முடிஞ்சது. அப்பன்னு பாத்து அவ, "அக்கா, எங்க தாத்தாவைக் குடுங்க, புகை நின்னுருச்சு"ன்னு வந்து நின்னா.

"வந்துட்டியா? இன்னிக்கு எதை எடுக்க?"

"என்னக்கா சொல்றீங்க?"

"மேல இருந்ததைக் காணோம். அதைச் சொல்றேன்."

முருகேஸ்வரியும் வாயில்லாத பூச்சி இல்ல. "உங்க பூண்டைத் தின்னாத்தான் எங்க வீட்டுல குழம்பு மணக்குமாக்கும்! குடுங்க எங்க படத்தை, இனிமே இந்த வாசப்படி மிதிச்சா என்னன்னு கேளுங்க!"

இருளாயி ஆத்திரத்துல சேலைச்சுத்தை உருவி, கைக்கு வந்த படத்தை வாசல் வழியா நீட்டினா. முருகேஸ்வரி வெடுக்குன்னு பிடுங்கிக்கிட்டுப் போனா. அவ மூஞ்சியை இவ பாக்கல, இவ மூஞ்சியை அவ பாக்கல. படத்தோட மூஞ்சியை ரெண்டு பேரும் பாக்கல.

அதுக்கப்புறம் விருந்தும் இல்ல, ஊர்வலமும் இல்ல. ரெண்டு கெழவருகளும் ஆளுக்கு ஒரு வீட்டுப் புகையிலேயே கெடந்து கறுத்துப் போனாங்க.

பேச ஆளு இல்லாமப் போன இருளாயி, மாமனாருகிட்ட பேச ஆரம்பிச்சா. விளக்கு ஏத்திட்டு, முந்தானையை இழுத்து மூடிக்கிட்டு, சுவத்துக்குக் கிட்டப் போயி நின்னுக்குவா. "மாமா, இன்னிக்கு வேலிக்கல்லை ஒரு சாண் நகட்டியிருக்கா. உங்களுக்குத் தெரியாதது இல்ல. அந்தப் பரம்பரையே அப்படித்தானாமே?" இன்னொரு நாள், "மாமா, அவ சுட்ட தோசை கல்லை விட்டு வரவே மாட்டேங்குது. அந்த மனுசன் எப்படித்தான் திங்குறாரோ." அமாவாசைக்கு அமாவாசை சுக்குத்தண்ணியும் பணியாரமும் வச்சு, "அந்த வீட்டாளுக கண்ணு நம்ம வீட்டு மேல படாமப் பாத்துக்கங்க"ன்னு வேண்டிக்குவா. அவரு எல்லாத்தையும் கேட்டுக்கிட்டு, கரிக்குள்ள இருந்து அப்படியே முறைச்சுக்கிட்டு இருப்பாரு. முறைக்கிறாருன்னுதான் அவ நினைச்சிருந்தா.

போன புரட்டாசியில சாய்மானம் ரொம்ப முத்திருச்சு. காலையில நிறுத்தின படம் மத்தியானத்துக்குள்ள சாயுது. இருளாயி ஆணிக்குப் பக்கத்துல கரிக்கட்டையால கோடு போட்டு வச்சா, எவ கையின்னு கண்டுபிடிக்க. கோட்டுக்கு மேலேயே ஒரு விரிசல் வந்து நின்னுச்சு. சுப்புராஜு பயந்துபோயி, பாலசமுத்திரத்துல இருந்து சேனாதிபதி ஆசாரியைக் கூட்டிட்டு வந்தான். ஆசாரி ஏணி போட்டு மோட்டுக்குள்ள தலையை விட்டுப் பாத்தாரு. உளியை உத்திரத்தோட நுனியில வச்சு அமுக்கினாரு. உளி பூவன்பழத்துல இறங்குற மாதிரி இறங்குச்சு.

"ஆத்தா, உங்க படத்தை யாரும் தொடல. உத்திரம் உளுத்து, சுவரு சாயுது. வருசா வருசம் பூண்டைத் தொங்கவிட்டுத் தொங்கவிட்டு, அந்தப் பாரமும் சேந்துக்கிச்சு. ஐப்பசி மழைக்கு முன்னாடி உத்திரத்தை மாத்தலன்னா, ரெண்டு வீடும் சேந்து உக்காந்துரும்."

"யாரு சொல்லச் சொன்னா உன்னை?"

ஆசாரிக்குப் புரியல. "உத்திரம் சொல்லுது ஆத்தா."

உத்திரத்தோட நுனி பொதுச்சுவத்து மேல உக்காந்திருக்கு. அதைத் தூக்கணும்னா ரெண்டு பக்கத்துக் கூரை ஓடுகளையும் இறக்கணும், ரெண்டு பக்கமும் முட்டுக் குடுக்கணும். முருகேஸ்வரி வீட்டுல சம்மதிக்காம ஒத்த ஓடுகூடத் தொட முடியாது. சுப்புராஜு பயந்துக்கிட்டே போயி திருமலைச்சாமிகிட்ட கேட்டான். அந்த மனுசன் பீடியைக்கூடக் கீழ போடாம, "தாராளமாப் பண்ணுங்கப்பா, எங்களுக்கும்தானே சுவரு"ன்னுட்டாரு.

சுப்புராஜு சந்தோசமா வந்து சொன்னதும் இருளாயி மூஞ்சி சுண்டிப் போச்சு.

"கேட்ட உடனேயா சரின்னான்?"

"ஆமாம்மா."

"ஒரு பேச்சுக்குக்கூட யோசிக்கல?"

"இல்லம்மா."

"அப்ப ஏதோ இருக்குலே."

ஓடு இறக்குற அன்னிக்கு வெள்ளனே விதைப்பூண்டையெல்லாம் இறக்கி, தார்ப்பாய் போட்டு வாசல்ல குமிச்சு வச்சாங்க. அடுத்த வருசத்து வெள்ளாமை மொத்தமும் அந்தக் குமியலுக்குள்ளதான் இருக்கு. நனைஞ்சா முளைச்சு நாறிரும். ஆசாரி பெரிய யூக்கலிப்டஸ் மரமா ரெண்டை முட்டுக் குடுத்து, பழைய உத்திரத்தை அந்தரத்துல நிறுத்தினாரு. சுவத்துத் தலையில கையை விட்டுத் துழாவினவரு, ஒரு பொட்டலம் அளவுக்குக் குப்பையை அள்ளிப் போட்டாரு. எலிக்கூடு. உள்ள முழுக்கக் காஞ்சு சருகாப் போன பூண்டுத்தோலு, நாரு கட்டின கட்டோட.

சௌம்யா வாயைப் பொத்திக்கிட்டா. "அத்தை, அந்தக் காணாமப் போன கொத்து..."

"இது அந்தப் பூண்டுதான்னு யாரு சொன்னா? எலி அவ வீட்டுப் பூண்டைத் தின்னிருக்கும்."

சொல்லிட்டாளே தவிர, கண்ணு ஒரு தடவை பக்கத்து வாசலுக்குப் போய்ட்டு வந்துச்சு.

படத்தைக் கழட்டி சௌம்யாகிட்ட குடுத்தாங்க. சுவத்துல இருந்து இறங்கினதுதான் இறங்குச்சு, துடைச்சு வச்சிரலாம்னு அவ பின்னாடி இருந்த சின்ன ஆணிகளை அருவாமணை நுனியால நெம்பி, கண்ணாடியைத் தனியா எடுத்து, வெந்நியும் சீயக்காயும் போட்டுத் தேச்சா. இருளாயி பக்கத்துலேயே காவலுக்கு நின்னா. மருமக படத்தை மாத்திருவாளோன்னு ஒரு எண்ணம். தண்ணி கறுப்பாப் போச்சு, பழுப்பாப் போச்சு, அப்புறம் தெளிஞ்சது. கண்ணாடியைத் துடைச்சு, படத்து மேல வச்சு நிமித்தினா.

மாமனாரு சிரிச்சுக்கிட்டு இருந்தாரு.

முறைப்பே இல்ல. ஏதோ பாதிரியார் சொன்ன சொல்லுக்குச் சிரிப்பை அடக்க மாட்டாம உக்காந்திருக்குற சிரிப்பு. இத்தனை வருசமா வேலிக்கல்லைப் பத்தியும் தோசையைப் பத்தியும் சொன்னதையெல்லாம் இந்த மூஞ்சியா கேட்டுக்கிட்டு இருந்துச்சு?

"எதுக்குச் சிரிக்கிறாரு இவரு?"ன்னு இருளாயி குனிஞ்சா. குனிஞ்சவ கண்ணுல வேற ஒண்ணு பட்டுச்சு. அவருக்குப் பக்கத்துல, வாசலை ஒட்டி, யானை படுத்த மாதிரி ஒரு பாறை.

அந்தப் பாறை கருங்கல்பட்டியில எல்லாருக்கும் தெரியும். புள்ளைக சறுக்கி விளையாடுற பாறை. அது இருக்குறது முருகேஸ்வரி வீட்டு வாசல்ல.

மாமனாரு அந்த வீட்டு வாசல்ல, சொந்தக்காரன் மாதிரி காலை அகட்டி உக்காந்திருக்காரு. அப்ப அந்த வீடு யாரு வீடு? கேட்ட உடனே திருமலைச்சாமி ஏன் சரின்னான்? எல்லாம் ஒண்ணோட ஒண்ணு கொக்கி போட்டுக்கிச்சு.

"நிறுத்துய்யா ஆசாரி!"

"ஆத்தா, உத்திரம் அந்தரத்துல நிக்குது..."

"நிக்கட்டும். ரெண்டு வீடும் எங்களுது. அதுக்குத் தீர்ப்பு சொல்லாம ஒரு ஓடு அசையக்கூடாது!"

படத்தை நெஞ்சோட அணைச்சுக்கிட்டு, அவ முருகேஸ்வரி வாசல்ல போயி நின்னா. அந்த வாசலுக்கு அவ வந்து எத்தனை வருசமாச்சுன்னு அவளுக்கே தெரியல.

"ஏடி முருகேசு! வெளிய வாடி! என் மாமனாரு வீட்டுல உக்காந்துக்கிட்டா இத்தனை நாளா எனக்குத் தோசை வாசம் காட்டுன?"

முருகேஸ்வரி கரண்டியோட வெளிய வந்தா. "யாரு வீட்டுல யாரு உக்காந்திருக்கா? வீடு இடியப் போகுதுன்னு ஒத்துழைச்சா, வீட்டையே கேப்பீங்களா? எங்க, காட்டுங்க!"

பாத்தா. பாறை இருக்கு. தெருவுல நாலு பேரு கூடிட்டாங்க. மேக்க மலைமேல மேகம் கறுத்து இறங்குது. ஆசாரி முட்டுமரத்தை ஒரு கண்ணால பாக்குறாரு, மேகத்தை ஒரு கண்ணால பாக்குறாரு.

"எங்க வீட்டுலயும் படம் இருக்குல்ல!"ன்னு முருகேஸ்வரி உள்ள ஓடினா. "எங்க தாத்தா எந்த வாசல்ல உக்காந்திருக்காருன்னு நானும் காட்டுறேன்!" கரிபிடிச்ச படத்தைக் கொண்டாந்து, முந்தானையில தண்ணியைத் தொட்டு, வரக் வரக்குன்னு தேச்சா. நடுவுல ஒரு வட்டம் வெளுத்துச்சு. அதுக்குள்ள ஒரு ஆளு, ஒல்லியா, சிடுசிடுன்னு, யாரையும் நம்பாத மாதிரி ஒரு பார்வை. அவருக்குப் பின்னாடி ஒரு பேரிக்கன்னு, தோள் உசரம்கூட இல்ல.

பேரிமரம் இருளாயி வாசல்ல இருக்கு. இன்னிக்கு அது கூரைக்கு மேல வளந்து நிக்குது. அந்த ஊருலேயே வேற வாசல்ல பேரி கிடையாது.

"பாத்தீங்களா! அப்ப உங்க வீடு எங்க வீடு!"ன்னு முருகேஸ்வரி கத்தினா.

"எப்படிடி? இது எங்க வீடுன்னா, அது எங்க..." இருளாயிக்குக் கணக்கு எங்கயோ இடிச்சுச்சு.

சேனாதிபதி ஆசாரி ஏணியில இருந்து இறங்கி வந்தாரு. ரெண்டு படத்தையும் பக்கத்துல பக்கத்துல பிடிச்சாரு. அப்புறம் திருமலைச்சாமியைப் பாத்தாரு. திருமலைச்சாமிக்கு காது ரெண்டும் ஈயச்சட்டிக் கைப்பிடி மாதிரி விடைச்சுக்கிட்டு இருக்கும், ஊரே கேலி பண்ணும். இருளாயி நெஞ்சோட அணைச்சிருந்த படத்துல, தலைப்பாவுக்குக் கீழ, அதே காது.

"அண்ணே, கொஞ்சம் சிரிங்க"ன்னாரு ஆசாரி. திருமலைச்சாமி ஒண்ணும் புரியாமச் சிரிச்சாரு. அதே சிரிப்பு.

தெருவுல முதல்ல யாரு சிரிச்சதுன்னு தெரியல. அப்புறம் அடக்க முடியல. சுப்புராஜு பேரிமரத்தைப் பிடிச்சுக்கிட்டு உக்காந்துட்டான். சௌம்யாதான் சத்தமாச் சொன்னா: "அத்தை, இந்தச் சிடுசிடு தாத்தாதான் நம்ம தாத்தா. பாருங்க, உங்க பார்வை."

"நான் மருமகடி, எனக்கு எப்படி அவரு பார்வை வரும்?"

"கூடி இருந்தா வந்துரும்."

"எங்க கூடி இருந்தோம்? அவரு இவ வீட்டுல இருந்திருக்காரு!"

அப்பத்தான் அவளுக்கு உறைச்சது. சேலைச்சுத்தை உருவி, பாக்காம எடுத்து நீட்டினது இவ கைதான். அதுவாச்சும் போகட்டும். இத்தனை அமாவாசைக்கும் பணியாரம் வச்சு, அந்த வீட்டாளுக பரம்பரையே அப்படித்தான்னு அவ சொன்னது, அந்தப் பரம்பரையோட மூத்தவருகிட்டயே.

முருகேஸ்வரி அவளையே பாத்துக்கிட்டு இருந்தா. "என்னக்கா, தோசைக்கதை ஞாபகம் வருதா?"

"உனக்கு எப்படித் தெரியும்?"

"சுவரு என்ன கோட்டைச்சுவரா? எல்லாம் கேட்டுச்சு. உங்களுக்கு நானும் சளைச்சவ இல்ல. உங்க மாமனாருகிட்ட உங்களைப் பத்தி அன்னாடம் ஓதியிருக்கேன். ஒரு சுருட்டை வச்சுட்டு உக்காந்தேன்னா, அவரு பதில் பேசாமக் கேப்பாரு. ஒரு தடவைகூட உங்களுக்குப் பரிஞ்சு பேசல."

முத சொட்டு மழை பூண்டுத் தார்ப்பாய் மேல விழுந்துச்சு. திருமலைச்சாமி பீடியைக் கீழ போட்டாரு. சுப்புராஜு, ஆசாரி, தெருவுல நின்ன ஆளுக எல்லாம் சேந்து புது உத்திரத்துக்குத் தோளு குடுத்தாங்க. பொம்பளைக ரெண்டு பேரும் குமியலை அள்ளி வெரசா முருகேஸ்வரி வீட்டுக்குள்ள கொண்டுபோனாளுக. அந்த வீட்டு ஓடு பாதிதான் இறங்கியிருந்துச்சு. கடைசிக் கூடையை இறக்கி வைக்கும்போது இருளாயி, "கொத்துல ஒண்ணு குறைஞ்சா..."ன்னு ஆரம்பிச்சு, எலிக்கூடு ஞாபகம் வந்து நிறுத்திக்கிட்டா.

உத்திரம் உக்காந்துச்சு. சுவரு நின்னுச்சு. அடுத்த வருசத்துக்கு விதையும் தப்பிச்சது. அதுக்கப்புறம்தான் பெரிய பஞ்சாயத்து வந்துச்சு. யாரு தாத்தாவை யாரு எடுத்துக்குறது?

"இதுல என்ன யோசனை, மாத்திக்க வேண்டியதுதான்"ன்னு திருமலைச்சாமி சொன்னாரு.

"முடியாது"ன்னா இருளாயி.

"ஏன் மதினி?"

அவ பக்கத்துல வந்து, சிரிச்ச தாத்தாவைச் சேலையால மூடிக்கிட்டு, மெதுவாச் சொன்னா: "அவருகிட்ட நான் என்னென்னமோ சொல்லியிருக்கேன். உங்க வீட்டுக்கு வந்தா அவரு சும்மா இருப்பாரா?"

"படம் பேசுமாக்கா?"ன்னு முருகேஸ்வரி கேட்டா.

"எனக்கென்ன தெரியும்? சிரிக்கிறதே எனக்கு நேத்து வரைக்கும் தெரியாது."

முருகேஸ்வரிக்கும் மனசு வரல. சுருட்டு மணத்துக்குப் பழகின மனுசனை வெறும் சுக்குத்தண்ணி வீட்டுக்கு அனுப்புறதான்னு அவளுக்கு ஒரு விசாரம். கடைசியில சௌம்யாதான் வழி சொன்னா. பழைய வழக்கப்படியே போகட்டும். இருளாயி பூண்டு மோட்டுல ஏறினா ரெண்டு பேரும் முருகேஸ்வரி வீடு. முருகேஸ்வரி பூண்டு ஏறினா ரெண்டு பேரும் இருளாயி வீடு. பிரிக்கவே வேணாம், ஜோடியாவே போகட்டும், ஜோடியாவே வரட்டும்.

இருளாயி யோசிச்சா. "ரெண்டு பேரையும் பக்கத்துல பக்கத்துல மாட்டினா, பேசிக்குவாங்களேடி."

"பேசட்டும் அத்தை. அவங்களுக்கும் நேரம் போகணும்ல?"

அவளுக்கு அது அரைமனசுதான். அதனால படங்க முருகேஸ்வரி வீட்டுல இருக்குற மாசத்துல, விடிஞ்சதும் அங்க போயி ஒரு பார்வை பாத்துட்டு வந்தாத்தான் அவளுக்குக் காப்பி இறங்கும். போனா சும்மா வர முடியாதுல்ல, "தோசை சாப்பிடுங்கக்கா"ங்கிறா அவ. கல்லுல இருந்து அது வரத்தான் வருதான்னு பாக்குறதுக்காவது இருளாயி உக்காந்துக்கிறா. பாதி தோசை வருது. பாதி கல்லோட கெடக்கு. ரெண்டு பேரும் அதைச் சுரண்டிக்கிட்டே ஊரு வம்பு பேசுறாளுக.

இப்பவும் காலையில ஒரு குறை இருக்கு அவளுக்கு. சுவரு நேரா நிமிந்ததுல இருந்து படம் சாயுறதே இல்ல. "அது எப்படிடி ஒரு நாள்கூட சாயல? எவளோ ஆணியை மாத்தியிருக்கா!"

கொடைக்கானல் பக்கம் போறவங்க ஏரியையும் பாறைத்தூணையும் பாத்துட்டு சாக்லேட் வாங்கிட்டுத் திரும்பிடாதீங்க. மேக்க போற மினி பஸ்ஸுல ஏறி, கடைசியில இறங்கி, பேரிமரமும் யானைப் பாறையும் வாசல்ல இருக்குற ரெண்டு வீடும் எதுன்னு கேளுங்க. ஒரு வீட்டு மோட்டுல பூண்டு தொங்குதான்னு எட்டிப் பாருங்க. தொங்கினா அடுத்த வாசலுக்குப் போங்க, ரெண்டு பேரும் அங்கதான் இருப்பாங்க, ஒருத்தரு சிரிச்சுக்கிட்டு, ஒருத்தரு முறைச்சுக்கிட்டு. கீழ அவளுக ரெண்டு பேரும் இருப்பாளுக. யாரு அனுப்புனா, எதுக்கு வந்தீங்க, பையில என்ன இருக்குன்னு இருளாயி கேப்பா. கோவிச்சுக்காமச் சொல்லுங்க. தோசையும் சுக்குத்தண்ணியும் நிச்சயம் கிடைக்கும். அவசியம் ஒரு தடவை போயி அவங்களைப் பாத்துட்டு வாங்க. படத்தை மட்டும் தொட்டுறாதீங்க.